இயற்கை இணைவுணர்வும் மகிழ்ச்சியும்: பெங்களூர்ச் சொல்வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

இயற்கையோடு தாம் ஒன்றியிருப்பதாக உணர்வோர், அவ்வுணர்வு குன்றியோரைக் காட்டிலும் மகிழ்ச்சியாக வாழ்கின்றனரா என்னும் வினா, கடந்த நாற்பது ஆண்டுகளில் உளவியலின் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்துள்ளது. இவ்வினாவுக்கு உளவியலார் கண்ட விடையைத் தமிழில் விளக்குவதும், அவ்விடையை நோக்கும் மொழியியல் மாணவன் ஒருவனுக்குத் தோன்றும் ஐயத்தை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பெங்களூர் நகரத்தைச் சார்ந்தவை. தமிழும் கன்னடமும் பல நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து வழங்கிவரும் இந்நகரம் மரங்களாலும் ஏரிகளாலும் பெயர் பெற்றது; அவற்றை இழந்து வருவதாலும் இன்று பேசப்படுகிறது. ஆதலின் இவ்வினாவை எழுப்புதற்கு இந்நகரம் பொருத்தமான களம் எனலாம்.

அளவைகள் காட்டுவன

1984-ஆம் ஆண்டை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அவ்வாண்டில் எட்வர்டு வில்சன் என்னும் உயிரியல் அறிஞர், பிற உயிர்களை நாடும் இயல்பு மனிதரிடம் பிறவியிலேயே அமைந்தது என்னும் கருத்தை 'பயோஃபீலியா' என்னும் நூலில் முன்வைத்தார். அதே ஆண்டில் ராஜர் உல்ரிக் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை இன்றளவும் மேற்கோள் காட்டப்பெறுகிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை மருத்துவம் செய்துகொண்டோரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 நோயாளிகளையும் செங்கற்சுவரைக் கண்ட 23 நோயாளிகளையும், வயது, பால் முதலியன ஒத்துவருமாறு இணையிணையாக வைத்து ஒப்பிட்டார். மரங்களைக் கண்டோர் விரைவில் இல்லம் திரும்பினர். வலிமை மிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

எனினும் மரத்தைப் பார்த்தல் வேறு. அதனோடு ஒன்றியிருப்பதாக உணர்தல் வேறு. இரண்டாவதை அளக்கும் முயற்சிகள் பின்னரே தோன்றின. 'தான்' என ஒரு வட்டமும் 'இயற்கை' என ஒரு வட்டமும் வரைந்து, அவை தனித்து நிற்பது முதல் முற்றிலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது வரை ஏழு படங்களைக் காட்டி, தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் செய்தார் வெஸ்லி ஷூல்ட்ஸ். மேயரும் ஃபிரான்ட்சும் 2004-இல் 14 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். கனடாவைச் சேர்ந்த நிஸ்பெட், செலென்ஸ்கி, மர்ஃபி ஆகியோர் 2009-இல் 21 கூற்றுகள் கொண்ட மற்றோர் அளவுகோலை வெளியிட்டனர். 'நான் இயற்கையின் ஒரு பகுதி' என்பது போன்ற கூற்றுகளை உடன்பட்டோ மறுத்தோ எண்களால் குறிப்பதே இவற்றின் முறை.

இவ்வளவுகோல்களால் கிடைத்த முடிவுகளைக் கபால்டி, டாப்கோ, செலென்ஸ்கி ஆகிய மூவர் 2014-இல் தொகுத்து ஆராய்ந்தனர். 30 மாதிரிக் குழுக்கள், 8,523 பேர். இணைவுணர்வுக்கும் மகிழ்ச்சிக்கும் இடையே அவர்கள் கண்ட ஒட்டுறவுக் கெழு 0.19. மகிழ்ச்சியின் கூறுகளைப் பிரித்து நோக்கியபோது, வாழ்க்கை நிறைவோடு 0.17, இன்ப உணர்வோடு 0.22, உயிர்ப்போடு 0.24 எனக் கிடைத்தன. உயிர்ப்பு என்பது உடலும் உள்ளமும் ஊக்கமுற்றிருக்கும் நிலை. அதுவே முதலிடம் பெறுவதை இங்குக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

0.19 என்பது பெரிய எண் அன்று. இதன் இருபடி 0.036. அதாவது மகிழ்ச்சியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவானதே இணைவுணர்வோடு தொடர்புடையது. நாளிதழ்கள் இவ்வாய்வுகளை மருத்துவச் சீட்டு போல எடுத்துரைப்பது பொருந்தாது. ஆயினும் இவ்வுறவு இல்லாததும் அன்று. வெவ்வேறு குழுக்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவதே அதன் வலிமை.

காரணம் எது, காரியம் எது என்னும் சிக்கலும் உண்டு. மகிழ்ச்சியாக இருப்போர்தாம் வெளியே சென்று மரங்களை நோக்குகின்றனர் எனவும் வாதிடலாம். இதற்கு ஓரளவு விடை தருவது நிஸ்பெட்டும் செலென்ஸ்கியும் 2011-இல் வெளியிட்ட சோதனையாகும். ஒட்டாவாவிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடங்களை இணைக்கும் சுரங்க வழிகள் உள்ளன. அருகே கால்வாய்க் கரையும் உள்ளது. சிலரைச் சுரங்க வழியிலும் சிலரைக் கரை வழியிலும் நடக்கச் செய்தனர். கரையில் நடந்தோர் மிகுந்த மகிழ்ச்சியும், அப்பொழுதைக்கு மிகுந்த இணைவுணர்வும் பெற்றனர். ஆனால் நடக்கும் முன்னர், அந்நடை தமக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று மதிப்பிடச் சொன்னபோது அவர்கள் உண்மையிற் பெற்றதினும் குறைவாகவே மதிப்பிட்டிருந்தனர். நம் அருகில் இருப்பது நமக்கு என்ன செய்கிறது என்பதை நாமே அறியாதிருக்கிறோம் என்பது இதனாற் பெறப்படும். அறியாததைக் கேட்டுப் பெறுவது எவ்வாறு என்பது வினாநிரல் அமைப்போர் அனைவருக்கும் உரிய இடர்ப்பாடு. தமிழில் அது இருமடங்காகிறது.

'இயற்கை' என்னும் சொல்

மேற்கூறிய கூற்றுகளைத் தமிழாக்கும்போது முதலில் இடறுவது 'இயற்கை' என்னும் சொல்லே. இன்று இச்சொல் மரம், மலை, கடல், பறவை ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கிறது. பழைய இலக்கண வழக்கில் அது ஒரு பொருளின் இயல்பைக் குறித்தது. தொல்காப்பியக் கிளவியாக்கம் இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் கூறும் முறையை வேறுபடுத்துகிறது. நிலத்தின் வன்மை, நீரின் தண்மை, தீயின் வெம்மை போல்வனவற்றை உரையாசிரியர்கள் முன்னதற்கு எடுத்துக்காட்டுவர். களவியலில் வரும் இயற்கைப் புணர்ச்சி என்னும் தொடரிலும் இச்சொல்லுக்குத் தானே நிகழ்வது என்பதே பொருள். மரங்களுக்கு அங்கு வேலை இல்லை. மனிதனுக்கு வெளியே, எதிரே நிற்கும் ஒரு முழுமையைக் குறிக்கும் பொருள், ஆங்கிலக் கல்வியோடு இச்சொல்லில் வலுப்பெற்றது என்றே கருத வேண்டியுள்ளது.

பழந்தமிழ் மரபில் அத்தகைய ஒரு முழுமைக்குப் பொதுச்சொல் முதன்மை பெறாததற்குக் காரணம் உண்டு. அகத்திணைக் கொள்கையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை, யாழ், தெய்வம் ஆகியன கருப்பொருள். புணர்தல் முதலாய உணர்வு நிலைகள் உரிப்பொருள். மரமும் தொழிலும் தெய்வமும் ஒரே வரிசையில் வைக்கப்படுதல் காண்க. குறிஞ்சி, முல்லை, மருதம் ஆகிய செடி, கொடி, மரங்களின் பெயர்களே நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராயின. மரபியலோ உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஒரே ஏணியில் வரிசைப்படுத்துகிறது. புல்லும் மரமும் முதற்படியில், மாந்தர் ஆறாம் படியில். ஷூல்ட்சின் இரு வட்டங்களை வரைவதற்கு இங்கு இடமே இல்லை. தனித்து நிற்கும் இரண்டாவது வட்டம் ஒன்று முன்னரே உளது என்று கொண்டால்தான் அது முதல் வட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்க இயலும்.

இதனால் பண்டைத் தமிழர் நம்மினும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர் என்று கூறுவதற்கில்லை. திணை என்பது செய்யுள் மரபு; மக்கட்கணக்கெடுப்பு அன்று. நாம் பெறக்கூடியது ஒன்றே: இணைவைப் 'பொது'வோடு அன்றிக் 'குறிப்பு'களோடு, அதாவது பெயருள்ள மரத்தோடும் பெயருள்ள நீரோடும், எண்ணிப்பார்க்கும் ஒரு வழி இம்மொழியில் உண்டு.

அல்சூரில் என் வீட்டுக்கு அருகில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் மேற்கூறிய கூற்றுகளில் ஒன்றை வினாவாக்கிக் கேட்டேன். ஆய்வுத் தரவாக இதனைக் கொள்ள வேண்டா. "இயற்கையோடு நீங்கள் எவ்வளவு இணைந்திருக்கிறீர்கள், அம்மா?" என்றதற்கு அவர் சற்றுத் திகைத்து, "வாசல்ல நிக்கிற வேப்பமரத்தைக் கேக்கிறியா தம்பி?" என்றார். அந்த மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும், எந்தக் கிளையில் காக்கை கூடு கட்டும், மகளுக்கு அம்மை கண்டபோது எத்தனை நாள் வேப்பிலை பறித்தார் என்பனவற்றை அரைமணி நேரம் உரைத்தார். எண்ணால் குறிக்கும் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

மலர்தலும் குளிர்தலும்

மகிழ்ச்சியைக் குறிக்கும் தமிழ் வினைகளை நோக்கினால் இக்கருத்து மேலும் தெளிவுறும். முகம் மலர்கிறது, வாடுகிறது. நம்பிக்கை துளிர்க்கிறது. குடும்பம் தழைக்கிறது. மனம் கருகுகிறது. மணமக்களை வாழ்த்துவோர் ஆலையும் அருகையும் காட்டி வாழ்த்துவர். இவையனைத்தும் நீர் பெற்ற செடிக்கும் நீரற்ற செடிக்கும் உரிய வினைகள். மேற்கண்ட தொகுப்பாய்வில் இணைவுணர்வோடு நெருங்கிய உறவுடையதாகத் தெரிந்தது உயிர்ப்பே என்பதை இவற்றோடு வைத்து எண்ணலாம். தமிழில் உயிர்ப்பு மிக்க மகிழ்ச்சிக்கு வழங்கும் சொற்களே பெரிதும் செடிகளின் சொற்களாக உள்ளன. நிறைவு, அமைதி முதலிய சொற்கள் அவ்வாறு இல்லை.

மற்றொரு தொகுதி நீரும் தண்மையும் பற்றியது. உள்ளம் குளிர்கிறது, கண் குளிர்கிறது, பெற்ற வயிறு குளிர்கிறது. அருளுக்குத் தண்ணளி என்று பெயர். இரக்கத்துக்கு ஈரம் என்று பெயர். கன்னடத்திலும் வயிறு தண்ணென்றிருக்க வேண்டும் என்று வாழ்த்துவது வழக்கம். குளிர் நாட்டவராகிய ஆங்கிலேயர் அன்பை வெம்மையாகக் கூறுதல் ஒப்புநோக்கத்தக்கது. வெயில் நாட்டின் உடலனுபவம் சொல்லாகியுள்ளது. பெங்களூர்ச் சாலைகளில் வைலசேரி, ஜகன்மோகன், ஹரிணி நாகேந்திரா ஆகியோர் அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மரநிழலில் காற்றின் வெப்பம் 5.6 பாகை செல்சியசு வரையும், சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 பாகை வரையும் குறைந்திருந்தன. மரத்தடியில் நின்று 'அப்பாடா' என்போர் கூறுவது உவமை மட்டும் அன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. செடியுவமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் நல்வாழ்வைக் குறிக்கும் 'ஃபிளரிஷ்' என்னும் வினையும் இலத்தீனில் பூவைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததே. சொல் இருப்பதால் உணர்வும் இருக்கும் என்பதும் மொழியியலார் எளிதில் ஏற்காத கூற்று. ஆயினும் சொல் மறைவது ஓர் அறிகுறியாகலாம். செலின் கெசெபிர், பெலின் கெசெபிர் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலப் புனைகதைகள், பாடல்கள், திரைப்படக் கதைச் சுருக்கங்கள் ஆகியவற்றில் இயற்கை சார்ந்த சொற்களின் வழக்கு 1950-களுக்குப் பின்னர்த் தேய்ந்து வந்துள்ளதைக் காட்டினர். மனிதர் ஆக்கிய சூழலைக் குறிக்கும் சொற்கள் அவ்வாறு தேயவில்லை. தமிழ்ச் சிறுகதை, திரைப்பாடல் ஆகியவற்றில் இத்தகைய எண்ணிக்கையை மேற்கொள்வது, மின்தொகுப்புகள் பெருகியுள்ள இந்நாளில் பெரும்பணி அன்று.

பெயர் நிற்க நீர் போனது

பெங்களூரில் நேர்ந்தது இதற்கு மறுதலையானது. இங்குச் சொற்கள் நிற்கின்றன, பொருள்கள் போய்விட்டன.

மடிவாளத்திலுள்ள சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. வெங்கலூரின் பெரிய ஏரியின் கீழுள்ள நிலம் கொடையாக அளிக்கப்பட்டதை அது கூறுகிறது. ஊரின் அடையாளம் ஏரி. நிலத்தின் எல்லையும் ஏரி. ஆறில்லாத இம்மேட்டு நிலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் வழியுமாறு ஏரிகளைத் தொடராக அமைத்தே மக்கள் வாழ்ந்தனர். ஏரியைக் குறிக்கும் கன்னடக் 'கெரெ'யும் மலையாளச் 'சிற'வும் அணை, நீர்நிலை எனப் பொருள்படும் தமிழ்ச் 'சிறை'யும் ஒரே வேரின. மூன்றிலும் உள்ளுறையும் பொருள் தேக்கி வைத்தல்; யாரோ கரை கட்டி, யாரோ தூர் வாரி, யாரோ மடை திறந்து காக்க வேண்டிய நீர். இணைவு என்பது இங்கு உணர்வாவதற்கு முன்னர் முறைவேலையாக இருந்தது.

தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பேருந்து நிலையமாயிற்று. சூளை ஏரி கால்பந்து அரங்கமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாயிற்று. கோரமங்கலத்து ஏரி ஒன்று தேசிய விளையாட்டுக் குடியிருப்பாயிற்று. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. அருகிலுள்ள பகுதிக்குச் சம்பங்கிராம நகர் என்ற பெயர் மட்டும் உண்டு. குழாய்நீர் வந்தபின் ஏரியைக் காக்க வேண்டிய தேவை குறைந்தது. தேவை குறைந்தபின் ஏரி வெற்றிடமாகத் தோன்றியது. மரத்தையும் நீரையும் காணும் அழகுக்காக மட்டும் போற்றும் மனநிலை, அவற்றைக் காப்பதற்குப் போதிய வலிமை உடையதன்று என்பதை இவ்வரலாறு காட்டுவதாகவே நான் கருதுகிறேன்.

சம்பங்கி ஏரியைப் பொறுத்தமட்டில் ஒரு சமூகத்தார் அதனை விட்டுவிடவில்லை. அவர்கள் திகளர். பழங்கன்னடத்தில் 'திகுள' என்பது தமிழரைக் குறித்த சொல். தோட்டத்தொழிலில் வல்லவர்களான இவர்கள், 1760-இல் ஐதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது அங்குப் பணிபுரிந்தவர்களின் வழியினர் என்பது மரபுச் செய்தி. ஏரிகளின் கீழிருந்த காய்கறி, பூத்தோட்டங்களே இவர்கள் வாழ்வு. சித்திரை முழுநிலவில் தர்மராயர் கோயிலினின்று புறப்படும் பெங்களூர்க் கரகம் இவர்களுக்குரிய விழா. அதன் ஒரு பகுதியான 'ஹசி கரகம்' சம்பங்கி ஏரிக்கரையில் நிகழ்வது மரபு. ஹசி என்பது தமிழில் பச்சை. பகரம் ஹகரமாகத் திரிவது கன்னட இயல்பு. ஏரி அழிந்தபின்னும் விளையாட்டரங்க வளாகத்தில் எஞ்சிய சிறு குளத்துக்கே இம்மக்கள் வருகின்றனர். சுமிருதி ஸ்ரீநிவாஸ் 2001-இல் வெளியிட்ட நூலில், நகரத்தின் மறைந்த நீர்நிலைகளை நினைவிற் கொண்டு நடக்கும் ஊர்வலமாக இவ்விழாவைக் காண்கிறார். அக்குளத்தின் பரப்பைப் பசுமைக் கணக்கில் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதனோடு ஒரு சமூகத்தார் கொண்டுள்ள இணைவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அயல்மரங்களும் உள்ளூர்ப் பெயர்களும்

பழைய மரம், பழைய நீர், பழைய குடி ஆகியன இருந்தால்தான் இணைவு உண்டாகும் என்று இதனைப் பிறழக் கொள்ளலாகாது. பெங்களூரின் புகழ்பெற்ற பூமரங்களில் பல அயலிலிருந்து வந்தவை. 1908-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த ஜெர்மானியரான குஸ்தாவ் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்து அமைத்தவர் என்று போற்றப்படுகிறார். டபேபுயாவும் ஜக்கராந்தாவும் தென்னமெரிக்காவினின்றும், குல்மோகர் மடகாஸ்கரினின்றும் வந்தவை. தென்னமெரிக்க மரமொன்றின் பூவில் நாகம் கவிந்த இலிங்கத்தைக் கண்டு மக்கள் நாகலிங்க மரம் என்றனர். இன்று அது சிவன் கோயில்களில் நிற்கிறது. மாலையில் இலை கூம்பும் அமெரிக்க மரமொன்றுக்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயரிட்டனர். அன்றாடம் மாலையில் அதனடியில் நின்று பார்த்தவரே இப்பெயரை இட்டிருக்க இயலும். பெயர் வழக்கூன்றும் அளவுக்கு ஒரு தலைமுறை உற்று நோக்கியுள்ளது என்பதே இதன் பொருள். டபேபுயாவுக்கு இன்னும் அத்தகைய தமிழ்ப்பெயரோ கன்னடப்பெயரோ பரவலாக வழங்கவில்லை. சனவரியில் சாலையெங்கும் இளஞ்சிவப்பாகப் பூக்கும் அம்மரத்தைப் படம் எடுப்போர் மிகுதி. பெயர் கேட்டால் விழிப்போரும் மிகுதி.

அல்சூர் என்னும் ஊர்ப்பெயரே இதற்கு எதிரிடை. கன்னடத்தில் ஹலசூரு, ஹலசு என்பது பலா. இங்கும் பகரமே ஹகரமாயிற்று. பலாத்தோப்பு இருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். இன்று ஹலசூரு என்போரும் அல்சூர் என்போரும் பலாவை நினைப்பதில்லை.

ஈடு செய்தல் என்னும் கணக்கு

சொல்லாராய்ச்சியாகத் தோன்றும் இச்செய்தி நடைமுறையோடு தொடர்புடையது. சாலை விரிவுக்காக ஒரு மரத்தை வெட்டினால் ஈடாகப் பல கன்றுகளை வேறிடத்தில் நடுக என்பது பொதுவான ஏற்பாடு. கரியமிலக் கணக்கிற்கு அது ஒருகால் பொருந்தலாம். மகிழ்ச்சிக் கணக்கிற்குப் பொருந்துமா? இணைவு பொதுவான 'இயற்கை'யோடு அமைவது என்றால் மரத்துக்கு மரம் ஈடாகும். இன்ன மரத்தோடு அமைவது என்றால் ஈடாகாது. அண்டை வீட்டார் இடம் மாறிச் சென்றபின் வேற்றூரில் பத்துப் பேர் குடியேறினர் என்று ஆறுதல் கூறுவதை அது ஒக்கும்.

பெங்களூர் மக்கள் இதனை உணர்ந்தே செயற்பட்டனர் எனலாம். பசவேசுவரர் வட்டத்திலிருந்து ஹெப்பாள வரை எஃகு மேம்பாலம் அமைக்க 812 மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, 2016 அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் கைகோத்து நின்றனர். அவர்கள் முழக்கத்தில் இருந்த 'பேட' என்பது நம் 'வேண்டா'வே. 2017 மார்ச்சில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. மரங்களுக்காகக் குரலெழுப்பும் இந்நகரத்துக் குழு ஒன்றின் பெயர் 'ஹசிரு உசிரு'. பசுமையே உயிர் எனத் தமிழில் சொல்லுக்குச் சொல் நிற்கும். மறுபுறம், 2015-இலும் 2017-இலும் தீப்பற்றிய பெல்லந்தூர் ஏரியின் கரையில் வாழ்வோர்க்கு ஏரி என்னும் சொல் சன்னலை மூடச் செய்யும் சொல்லாயிற்று. நீரின் அருகே வாழ்வது மட்டும் நன்மை பயப்பதில்லை.

அப்பகுதிக்கு அண்மையிலேயே கைக்கொண்டரஹள்ளி ஏரி மக்கள் முயற்சியால் மீட்கப்பட்டது. தெற்கே புட்டேனஹள்ளி ஏரியையும் சுற்றி வாழ்வோரே முன்னின்று காத்து வருகின்றனர். இவர்களுள் பலர் பிற மாநிலங்களினின்று வந்து அடுக்ககங்களிற் குடியேறியவர்கள். கன்னடமும் தமிழும் பின்னர்க் கற்றவர்கள். ஏரிக்கு வரும் பறவைகளைப் பெயர் சொல்லிப் பதிவு செய்கின்றனர், ஆகாயத்தாமரையை அகற்றுகின்றனர். திகளர்க்குத் தொழிலாக அமைந்தது இவர்களுக்கு ஓய்வுநேரப் பணியாக அமைந்துள்ளது. இவ்விரு வகையினரின் மகிழ்ச்சியும் ஒரே தன்மையதா என்பது ஆராயத்தக்கது.

தமிழில் வினாநிரல்

ஆகவே தமிழ் பேசுவோரிடம் இணைவுணர்வை அளக்க முற்படுவோர், ஆங்கிலக் கூற்றுகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் போதாது. 'இயற்கையோடு ஒன்றியுள்ளேன்' என்னும் கூற்றுக்குப் படித்தோர் அனைவரும் உயர்ந்த எண்ணையே இடுவர். பள்ளிக் கட்டுரைகளில் அவ்வாறு எழுதிப் பழகியவர்கள் அவர்கள். மாறாக, உங்கள் தெருவிலுள்ள மரங்களுள் எத்தனைக்குப் பெயர் தெரியும், அவற்றுள் ஒன்று வெட்டப்பட்டால் எத்தனை நாளில் அறிவீர்கள், கடந்த ஓராண்டில் எதற்கேனும் நீர் ஊற்றினீர்களா, எந்த நீர்நிலைக்கு நடந்து செல்வீர்கள், அங்கு உங்களுக்கு என்ன வேலை என்பன போன்ற வினாக்கள் அல்சூர் மூதாட்டிக்கும் அடுக்ககத்துப் பொறியாளருக்கும் ஒருங்கே விளங்கும். விடைகளை வாழ்க்கை நிறைவு, இன்ப உணர்வு, உயிர்ப்பு ஆகிய மூன்றோடும் தனித்தனியே ஒப்பிடுதல் வேண்டும். இவ்வினாக்களைத் தமிழிலும் கன்னடத்திலும் அமைத்து, அல்சூரிலும் கைக்கொண்டரஹள்ளி ஏரிப் பகுதியிலும் கேட்டுப் பார்ப்பது, உளவியலாரும் மொழியியலாரும் கூடிச் செய்தற்குரிய பணியாகும்.